பல் வெட்டும் பட்டறைக்கு வந்த பல் டாக்டர்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் நின்று "பல் டாக்டர் இடம் எதுங்க?" என்று கேட்டால், அங்கே இருப்பவர்கள் முதலில் கேட்கிறவரின் கையைப் பார்ப்பார்கள். கையில் எண்ணெய் படிந்த சாக்கு மூட்டை இருந்தால் இடது பக்கம் காட்டுவார்கள். ஒரு கை கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால், "ஐயோ பாவம், அது வேற டாக்டர்ங்க, மெயின் ரோட்டுக்குப் போங்க" என்பார்கள்.

இடது பக்கம் இருப்பது பல்சக்கரம் செய்கிற பட்டறை. அங்கே பல் டாக்டர் என்று பெயர் வாங்கியவள் இன்றுவரை மனிதப் பல் ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை. ஆனால் மாவு பிசையும் இயந்திரம், படகை இழுக்கும் உருளை, பழைய அச்சு இயந்திரம் என்று எது வந்தாலும் அவளிடம் வாயைத் திறந்து காட்டித்தான் ஆகவேண்டும். இந்தப் பெயர் கேலியாக வைக்கப்பட்டது என்று சிலர் சொல்கிறார்கள். அது தவறு. டெலிபோனில் நடந்த ஒரு பேச்சில்தான் அதற்கு வழி பிறந்தது.

சின்ன வயதில் அவள் சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். மெயின் ரோட்டுப் பல் டாக்டர் அவள் வாயில் குளிர்ந்த பசை ஒன்றை அப்பி, அது இறுகியதும் ஜவ்வு போல இழுத்து எடுத்து, அந்த அச்சை வைத்துப் புதுப் பல் செய்து பொருத்தினார். நீலக் காகிதத்தைக் கொடுத்துக் "கடி" என்றார். கண்ணாடியில் பார்த்தபோது எது தன் பல், எது டாக்டர் பல் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று பிடித்தது பல் பைத்தியம். வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் "கொஞ்சம் ஆ காட்டுங்க" என்பாள்.

அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநர். மகள் மேல் உயிராக இருந்தாலும், மகளின் ஆசைகள் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணமும் இருந்தது. நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள், தண்ணீர் காதில் போகிறது என்று நின்றுவிட்டாள். தையல் வகுப்பில் சேர்ந்தாள், ஒரு சட்டைக்கு ஒரு கை வைத்ததோடு சரி. அந்த ஒற்றைக்கைச் சட்டையை அப்பா அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். சண்டை வந்தால் எடுத்து ஆட்டுவார்.

"இன்னொரு கையை எப்ப வைக்கப் போறீங்க டாக்டரம்மா?"

அவள் பதினோராம் வகுப்பு படித்த ஆண்டில் பள்ளியில் புதிதாக ஒன்று தொடங்கினார்கள். மாணவர்கள் மூன்று வாரம் வகுப்புக்கு வராமல், வெளியே உண்மையான வேலை நடக்கும் இடத்தில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த வேலையில் ஆசை என்று கேட்டு, இடம் தேடித் தருகிற பொறுப்பு வேதியியல் டீச்சருக்கு. அவர் ஊரில் உள்ள எல்லாருக்கும் போன் போட்டுப் போட்டு, பிள்ளைகளிடம் டெலிபோன் டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

"பல்லு, டீச்சர்! எனக்குப் பல்லுதான்!" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் இவள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னாள். அவர் சட்டையை எடுக்கப் போகவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார்.

"இங்க பாரும்மா. உங்க அத்தை செருப்புக் கடையில ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா. பள்ளிக்கூடம் முடிச்சதும் அங்க அனுப்புறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நீ மேல படிக்கணுமா? சரி. இந்த மூணு வாரமும் ஒரே எடத்துல முழுசா நில்லு. அந்த எடத்துக்காரங்க அவங்களா வந்து, 'உங்க பொண்ணு எங்களுக்கு வேணும்'னு என்கிட்ட கேக்கட்டும். நீ போய் அவங்ககிட்ட சொல்லி வைக்கக் கூடாது. கேட்டாங்கன்னா நீ எதைச் சொல்றியோ அதைப் படிக்க வைக்கிறேன். கேக்கலேன்னா செருப்புக் கடை."

"சத்தியமா?"

"ஸ்டியரிங் மேல சத்தியம்."

அம்மா குறுக்கே வந்து, "கேக்காட்டியும் நஷ்டம் இல்ல, எனக்கு ஒரு ஜோடி செருப்பு வேணும்" என்றாள்.

மறுநாள் டெலிபோன் டீச்சர், யாரோ கொடுத்த ஒரு எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால் ஏதோ கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க எடத்துல பல்லு வேலைதானே நடக்குது?"

"ஆமாங்க, பல்லு வேலைதான். புதுசா வேணும்னாலும் பண்ணுவோம், ஒடஞ்சதை எடுத்துட்டு வேற வைக்கிறதும் உண்டு. தேஞ்சு போனதையும் சரி பண்ணிக் குடுப்போம்."

"ஒரு மாணவி வந்து பக்கத்துல இருந்து பாக்கலாமா?"

"தாராளமா. தொட்டும் பாக்கட்டும். ஆனா கையைக் கடிச்சுடும், அதை மட்டும் சொல்லி அனுப்புங்க."

டாக்டரம்மாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று டீச்சர் சிரித்தார். முகவரியை எழுதிக்கொண்டார். இதில் யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு பேரும் ஒரு பொய்கூடப் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை, அம்மா சலவை செய்து கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, முகமூடி, ரப்பர் கையுறை சகிதம் அவள் அந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தாள். தகரக் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் உட்கார்ந்து இரும்பு வட்டம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"அக்கா, டாக்டர் வந்துட்டாங்களா?"

"டாக்டரா? யாருக்கு என்ன ஆச்சு?"

"பல் டாக்டர்க்கா. பள்ளிக்கூடத்துல இருந்து அனுப்பினாங்க."

அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், முகமூடியைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா! ஓடி வா! நமக்குப் பல்லு பிடுங்க ஆள் அனுப்பியிருக்காங்க!" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அது அக்கா தங்கை இருவர் நடத்தும் பட்டறை. வாசலில் இருந்தவள் தங்கை, சின்னக்கா; அளவெடுப்பதும் வாடிக்கையாளரிடம் வாய் கொடுப்பதும் அவள் வேலை. பெரியக்கா இயந்திரத்தை விட்டு நகர மாட்டாள். பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போகக்கூட அவள் சந்தைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. அன்றும் அவள் திரும்பாமலேயே பேசினாள்.

"சிரிக்காதடி. உள்ள வரச் சொல்லு. அந்தக் கோட்டைக் கழட்டி மாட்டச் சொல்லு, இல்லேன்னா சாயங்காலம் அவங்க அம்மா நம்மளைத் தேடி வந்துடுவாங்க."

மாணவி கோட்டைக் கழற்றி மாட்டினாள். டீச்சருக்குப் போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். மறுபடி பிஸி. ஊரெல்லாம் போன் போடுகிறவரை யார் பிடிக்க முடியும்? வேறு வழியில்லாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பெரியக்காவின் இயந்திரத்தைப் பார்த்தாள்.

மழமழவென்று, பல் போன பொக்கை வாய் மாதிரி ஒரு இரும்பு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் திருகு போன்ற ஒரு வெட்டுக்கருவி சுற்றியது. இரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் பால் நிறத் தண்ணீர் வழிந்தது, இரும்புச் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. தண்ணீர் விலகிய இடத்தில் சின்னச் சின்னதாக ஏதோ முளைத்திருந்தது.

பல்!

ஒரே அளவில், ஒரே இடைவெளியில், வட்டம் முழுவதும் பல். அவள் ஸ்டூலை விட்டு எழுந்தது அவளுக்கே தெரியாது.

"அக்கா! முளைக்குது!"

பெரியக்கா அப்போதுதான் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "முடியை இறுக்கிக் கட்டு. சட்டைக் கையை மடி. தரையில போட்டிருக்கிற இந்த மஞ்சக் கோட்டைத் தாண்டிக் கால் வைக்காதே. இங்க இருந்து பாரு."

அதற்குப் பிறகு டீச்சருக்குப் போன் போட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

முதல் நாட்களில் அவளுக்குக் கொடுத்தது அரம் பிடிக்கிற வேலை. வெட்டி வந்த பற்களின் ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்க வேண்டும். விரலைக் கிழித்துக்கொண்டாள், கறுப்பு எண்ணெய் நகத்துக்குள் குடியேறியது, அவள் கவலைப்படவில்லை. ஒரு நாள் சின்னக்கா இரண்டு சக்கரங்களை எடுத்து, ஒன்றின் பற்களில் நீலப் பசையை மெல்லத் தடவி, இரண்டையும் கோத்துச் சுற்றினாள்.

"என்னக்கா இது?"

"கடிச்சுப் பாக்குறோம். நீலம் எங்க ஒட்டுதோ அங்கதான் பல்லு பல்லைத் தொடுது. ஓரத்துல ஒட்டினா தப்பு. நடுவுல ஒட்டணும்."

அவள் துள்ளிக் குதித்ததில் மேசைமேல் இருந்த திருகாணி டப்பா கவிழ்ந்தது. "இதேதான்! எங்க பல் டாக்டரும் நீலப் பேப்பரைக் குடுத்துக் கடிக்கச் சொன்னாரு! இதே நீலம்! அக்கா, நீங்களும் டாக்டர்தான்!"

"அப்படியா?" என்றாள் சின்னக்கா. "அப்ப கீழ கொட்டின திருகாணியை எல்லாம் பொறுக்குங்க நர்ஸம்மா."

வீட்டில் உண்மையை மறைக்க முடியவில்லை. நகம் காட்டிக்கொடுத்தது.

"என்னம்மா, யாரோட வாயில இவ்வளவு கறுப்பு?" என்று சாப்பிட்டபடியே அப்பா கேட்டார்.

"அப்பா, அது வாய்ப் பல்லு இல்லப்பா. கியர்ப் பல்லு."

அப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. அம்மா தலையில் தட்டத் தட்டச் சிரித்தார். "ஆயுசு பூரா கியரைப் போட்டுப் போட்டு எனக்குத் தோள்பட்டை போச்சு. என் மக அதைச் செய்யப் போயிருக்காளா!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. எந்தப் பல்லா இருந்தா என்ன? பேச்சு பேச்சுதான். அவங்க வந்து கேக்கணும்."

இரண்டாம் வாரத்தில் பூங்காவின் ராட்டினக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவருடைய ராட்டினத்தில் மரக் குதிரைகள் வட்டமாக ஓடும். ஒரு வாரமாகக் குதிரைகள் திக்கித் திக்கி ஓடின. அன்று காலை அடியோடு நின்றுவிட்டன.

"பிள்ளைங்க வந்து அழுவுதுங்கம்மா. குதிரைக்கு ஜுரம்னு சொல்லி அனுப்பிக்கிட்டு இருக்கேன். எத்தனை நாளைக்கு நம்பும்?"

சின்னக்காவும் அவளும் ராட்டினத்தின் மேடைக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தார்கள். நடுத் தூணைச் சுற்றிப் பெரிய இரும்பு வளையம், அதன் உட்பக்கம் முழுக்கப் பல். அதில் ஒரு பல் வேரோடு போயிருந்தது. வளையம் தூணோடு சேர்த்து வார்க்கப்பட்டது, கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவர வழியில்லை. பல் மட்டும் தனியாகச் செய்து அங்கேயே பதிக்க வேண்டும். ஆனால் எந்த வடிவில்? பல ஆண்டு ஓடியதில் மற்ற பற்கள் பக்கவாட்டில் குழிந்து தேய்ந்திருந்தன. புதுப் பல் புது வடிவில் இருந்தால், மோட்டாரோடு வளையத்துக்குள் ஓடுகிற சின்னச் சக்கரம் அங்கே வந்ததும் இடிக்கும்.

பட்டறை வழக்கப்படி சின்னக்கா சோப்புக் கட்டியை இளக்கிப் பக்கத்துப் பல்லின்மேல் அழுத்தி அச்செடுத்தாள். எடுக்கும்போது குழிவில் மாட்டிச் சோப்பு உடைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி உடைந்தது. மெழுகும் அப்படியே.

மேடைக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவளுக்கு நாக்கு தானாகத் தன் முன்பல்லைத் தொட்டது.

"அக்கா... ஜவ்வு!"

"என்ன ஜவ்வு?"

"பல் டாக்டர் பசை! அது உடையாது, வளைஞ்சு வெளிய வந்து மறுபடி நேராயிடும். என் வாயில போட்டிருக்காங்க, எனக்குத் தெரியும்! ஓடிப் போய் வாங்கிட்டு வரவா?"

டார்ச்சைச் சின்னக்கா கையில் திணித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊர்ந்து வெளியே போய்விட்டாள். மெயின் ரோட்டு டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்னம்மா, மறுபடி உடைச்சிட்டியா?"

"எனக்கு இல்ல டாக்டர். ராட்டினத்துக்கு."

"ராட்டினத்துக்கா? எத்தனை பல்லு?"

"ஒண்ணுதான். ஆனா பெரிசு. என் உள்ளங்கை அளவு."

டாக்டர் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் வாய் திறந்து படுத்திருந்த நோயாளியும் சிரித்துவிட்டார். டாக்டர் ஒரு டப்பா பசையைக் கொடுத்து, எப்படிக் குழைக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். பசை உடையவில்லை. அப்பி, இறுக விட்டு, டாக்டர் சொல்லி அனுப்பியபடி பொறுமையாக இழுத்தபோது, தேய்ந்த பல்லின் வடிவம் வரி வரியாக அதில் இறங்கியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடியவளைப் பார்த்துச் சந்தே ஒதுங்கி வழி விட்டது.

பெரியக்கா அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ம்" என்றாள். அந்தப் பட்டறையில் அது பெரிய வார்த்தை என்று சின்னக்கா பிறகு சொன்னாள்.

பல் தயாராகி, மறுநாள் பதிப்பது என்று முடிவான மாலையில் டெலிபோன் டீச்சர் மூச்சிரைக்கப் பட்டறைக்கு வந்தார். பல் டாக்டரே பள்ளிக்குப் போன் போட்டு, பசை வாங்க வந்த மாணவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் டீச்சருக்கு விஷயம் புரிந்தது.

"மன்னிச்சுக்கோம்மா. நான் எந்தப் பல்லுன்னு கேக்கவே இல்லை. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. டாக்டர் உன்னை நாளைக்குக் காலையிலேயே வரச் சொல்றாரு. மிச்ச நாளெல்லாம் அங்கதான். நீ ஆசைப்பட்ட எடம்! அவரே உங்க அப்பாகிட்ட வந்து பேசவும் தயார்னு சொன்னாரு."

அப்பாவிடம் வந்து பேசுவார்! அவள் வேண்டியதெல்லாம் ஒரே தட்டில் வந்து நிற்கிறது. பெரியக்கா இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "போறதுன்னா போம்மா. பல்லை நாங்க வச்சுக்குறோம்" என்றாள்.

மேசைமேல் புதுப் பல் இருந்தது. அதன் ஓரத்துப் பிசிறை எடுத்தது அவள். நாளைக்கு அது வளையத்தில் போய் உட்காரும். இடிக்குமா, கடிக்குமா? நீலம் நடுவில் ஒட்டுமா? அது தெரியாமல் வேறொரு இடத்தில் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு எப்படி நிற்பது? அலமாரியில் இருக்கும் ஒற்றைக்கைச் சட்டை ஒரு கணம் கண்ணில் ஆடியது.

"டீச்சர், பல்லை வச்சுட்டு, கடிச்சுப் பாக்காம எந்த டாக்டராவது கிளம்பிப் போவாங்களா?"

டீச்சர் போனை எடுத்து, அவள் வரவில்லை என்று டாக்டருக்குச் சொன்னார்.

மறுநாள் காலை பல்லைப் பதித்தார்கள். வளையத்தில் பள்ளமாகக் காடி வெட்டி, பல்லை அதில் இறக்கி, திருகாணி முடுக்கினாள் சின்னக்கா. நீலம் தடவியது இவள். ராட்டினக்காரர் குதிரையைப் பிடித்துக் கையால் மெல்லத் தள்ளினார். டக். நீலம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அரம் போட்டாள். மறுபடி நீலம், மறுபடி டக், மறுபடி அரம். ராட்டினக்காரர் நகம் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு தடவை குதிரைகள் சுற்றி வந்தன, சத்தமே இல்லை. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"நடுவுல! அக்கா, நடுவுல ஒட்டியிருக்கு!"

மோட்டாரைப் போட்டார்கள். குதிரைகள் பறந்தன. மேடைக்கு அடியில் இருந்து நீல மூக்கும் கறுப்புக் கையுமாக வெளியே வந்தவளை ராட்டினக்காரர் தூக்கி ஒரு குதிரைமேல் உட்கார வைத்து, "முதல் சுத்து பல் டாக்டருக்கு!" என்று கத்தினார். பெயர் வந்தது அங்கேதான்.

மூன்று வாரமும் முடிந்தது. கடைசி நாள் மாலை பெரியக்கா, "சரி, கிளம்பு" என்றாள். அவ்வளவுதான். சின்னக்கா ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சாவிக்கொத்தில் கோத்துக் கொடுத்தாள். அப்பா வைத்த நிபந்தனையைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. அத்தை மட்டும் செருப்பின் அளவு கேட்டுப் போன் செய்தாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல அப்பாவின் பேருந்திலேயே பள்ளிக்குக் கிளம்பினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த இடம். சந்து முனை நிறுத்தத்தில் வண்டி நின்றபோது ஏறியது யார் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சட்டை, கையில் துடைக்கும் துணி. பெரியக்கா!

நடத்துனர் டிக்கெட் கேட்டார்.

"எங்க இறங்குவேன்னு எனக்கே தெரியாதுங்க. டிரைவர்கிட்ட பேசி முடியற எடம் வரைக்கும் ஒண்ணு குடுங்க."

வண்டி கிளம்பியது. பெரியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநரின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச தூரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது கியர்ல பல்லு தேஞ்சிருக்குங்க. அழுவுது" என்றாள்.

"இதைச் சொல்லத்தான் ஏறினீங்களா?"

"இல்லீங்க. பொண்ணு கேட்டு வந்திருக்கேன்."

முன் இருக்கைப் பாட்டியம்மா ஒருத்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள். "நல்ல விஷயம். மாப்பிள்ளை என்ன பண்றாரு?"

"மாப்பிள்ளை இல்லம்மா. மெஷின்."

"என்னது!"

"இவர் பொண்ணு எங்க பட்டறைக்கு வேணும். படிப்பை விட வேண்டாம். லீவு நாள்ல வரட்டும். மேல என்ன படிச்சாலும் படிச்சு முடிச்சுட்டு வரட்டும். எடம் வச்சிருப்போம்."

அப்பா சாலையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "பாதியில விட்டுட்டு ஓடிடுவா. என் மகளைப் பத்தி எனக்குத் தெரியும். வீட்டுல சட்டை இருக்கு, காட்டுறேன்."

"சட்டையைப் பத்தித் தெரியாதுங்க. ஆசைப்பட்ட எடத்துக்கே வான்னு டீச்சர் கையைப் பிடிச்சுக் கூப்பிட்டாங்க. போகல. பல்லைக் கடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுந்தா. எனக்கு அது போதும்."

அடுத்த நிறுத்தம் வந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் மகளைப் பார்த்தார். ஏற வேண்டியவர்கள் ஏறிவிட்டார்கள், இறங்க வேண்டியவர்கள்கூட இறங்காமல் நின்றார்கள்.

"ஸ்டியரிங் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார். "சொல்லு. எந்தப் பல்லு படிக்கப் போற?"

அவள் எழுந்து நின்றாள். சாவிக்கொத்தில் இருந்த பல்சக்கரம் உள்ளங்கையில் அழுந்தியது.

"சுத்துற பல்லுப்பா!"

பாட்டியம்மா கை தட்டினாள். ஏன் என்று தெரியாமலேயே பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். நடத்துனர் விசில் ஊத மறந்து, "அப்ப முடிஞ்சுது பேச்சு. மேடம், உங்க ஸ்டாப்பு இதுதான், இறங்குங்க!" என்றார்.